ரயில் வராத ஸ்டேசனின் வசதிகள்

இருபத்து மூன்று வயதுவரை நான் ரயிலில் ஏறியதில்லை. நான் பிறந்து வளர்ந்தது தேற்றாத்தீவில். தண்டவாளம் மட்டக்களப்பு நகரத்தோடு முடிந்துவிடும். அதற்குத் தெற்கே எங்களுக்கு பஸ்தான். படிப்பு முடிந்து, நகருக்கு வடக்கே ஓர் அரசாங்கக் கந்தோரில் தற்காலிக எழுதுநர் வேலை கிடைத்தபோது, இனியாவது ரயிலைக் கிட்டத்தில் பார்க்கலாம் என்று மனதுக்குள் ஒரு சந்தோஷம் இருந்தது. ஆனால் நான் போய்ச் சேர்வதற்கு முன்பே சண்டையால் ரயில் நின்றுபோயிருந்தது. பஸ்ஸில் போகும்போது மரங்களுக்கு இடையே ஒரு சிவப்பு ஓட்டுக் கூரை தெரியும். "அதுதான் ஸ்டேசன்" என்பார்கள். அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

ஒருநாள் தலைமை எழுதுநர் என்னைக் கூப்பிட்டு ஒரு படிவத்தைத் தந்தார். பொதுக் கட்டடங்களில் தங்கியிருக்கும் இடம்பெயர்ந்த குடும்பங்களின் விபரம் எடுக்க வேண்டும். எனக்கு வந்தது அந்த ஸ்டேசன். குடும்பங்களின் எண்ணிக்கை, கட்டடத்தின் நிலை என்று சில கட்டங்கள். கடைசியில் 'வசதிகள்' என்று ஒரு பெரிய கட்டம்.

"வசதிகள் எண்டா என்ன எழுதுற சேர்?"

"கிணறு, கக்கூஸ், கூரை. வேற என்ன கிடக்கு அங்க? ஒரு மணித்தியாலத்தில முடிச்சிட்டு வா."

எனக்கு நான்கு நாட்கள் தேவைப்பட்டன. அந்த நான்காவது நாள் நடந்ததைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். ஆனால் முதல் மூன்று நாட்களைச் சொல்லாமல் அது விளங்காது.

ஸ்டேசனில் ஒன்பது குடும்பங்கள் இருந்தன. எல்லோரும் வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் ஒரே கிராமத்திலிருந்து வந்தவர்கள். ஆண்களில் பாதிப்பேர் வயல் செய்தவர்கள், மீதிப்பேர் வாவியில் மீன்பிடித்தவர்கள். மேடையில் சாக்குகளையும் ஓலைத் தட்டிகளையும் கட்டி அறைகளாகப் பிரித்திருந்தார்கள். சயிக்கிளை நிறுத்தியதும் உரத்த குரலில் ஒரு பெண் கேட்டாள்.

"மிஸ், கூப்பன் கணக்கெடுக்கவா வந்த நீங்க?"

"இல்ல அக்கா, ஸ்டேசன் எப்படி இருக்கெண்டு பார்க்க வந்தனான்."

"ஸ்டேசன் நல்லாத்தான் இருக்கு. கோச்சிதான் இல்ல. உள்ளுக்கு வாங்க."

நாற்பது வயது இருக்கும். அவளும், அவளுடைய தம்பியும், தம்பியின் மனைவியும் டிக்கெட் கொடுக்கும் அறையில் குடியிருந்தார்கள். தம்பி வாவி மீனவன். கேட்டால் மட்டும் பேசுகிறவன். அவன் மனைவிக்கு என் வயது. முதல் பிள்ளைக்கு நிறைமாதம். சுவரில் சாய்ந்து காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள்.

அந்த அறையின் சுவரில் ஒரு மர அலுமாரி இருந்தது. கதவில்லாத அலுமாரி, அதில் விரல் நுழையும் அளவு சின்னச் சின்ன அறைகள், வரிசை வரிசையாக. ஒவ்வொன்றின் கீழும் ஓர் ஊரின் பெயர். அந்தந்த ஊருக்கான டிக்கெட்டுகளை அடுக்கும் இடம் என்று ஊகித்தேன். இப்போது அவற்றில் கடதாசிச் சுருள்கள் செருகியிருந்தன. அக்கா சமைத்துக்கொண்டிருந்தாள். பின்னால் திரும்பாமலே தம்பி மனைவியிடம் சொன்னாள்:

"புள்ள, கல்லோயாவில இருந்து ஒள்ளுப்பம் மஞ்சள் எடு."

அவள் எட்டி ஒரு சுருளை எடுத்துக் கொடுத்தாள். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"மிளகாய் எங்க அக்கா?"

"கொழும்புக் கோட்டையில. கடுகு பொலநறுவையில. வாழைச்சேனையில ஒண்டும் வைக்கிறல்ல, அதுக்குள்ள எறும்பு."

அன்று நான் படிவத்தில் கிணறு, கூரை என்று இரண்டு சொல் மட்டும் எழுதினேன். மீதி நேரம் முழுவதும் இது என்ன, அது என்ன என்று கேட்டுக்கொண்டு திரிந்தேன். ஒருத்தி குடம் வைக்க ஒரு பெரிய கம்பி வளையத்தைப் பாவித்தாள். அதன் அடியில் தோல் பை ஒன்று தொங்கியது. அது எதற்கு என்று அவளுக்கும் தெரியாது.

"அவரிட்டக் கேளுங்க. அவர் இஞ்சத்தய ஆள்" என்று அக்கா ஒருவரைக் காட்டினாள்.

ஸ்டேசனுக்குப் பின்னாலிருந்த சின்னக் குவாட்டர்ஸில் தனியாக இருந்தார் அவர். தண்டவாளம் பழுதுபார்க்கும் குழுவில் வேலை செய்தவர். முப்பத்தைந்துக்கு மேல் இராது. குழுவில் மற்றவர்கள் தங்கள் ஊர்களுக்குப் போய்விட்டார்கள். 'பொருட்களைப் பார்த்துக்கொள்ளவும்' என்ற கட்டளையோடு இவர் மட்டும் மிஞ்சியிருந்தார். முதலில் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. அரசாங்கப் படிவம் கொண்டுவந்த ஆளிடம், காணாமல் போன பொருட்களுக்குப் பதில் சொல்ல வேண்டிவருமோ என்று பயந்திருக்கிறார். பிறகுதான் அது எனக்கு விளங்கியது.

வளையத்தைப் பற்றி மட்டும் சொன்னார். "ஒத்தைத் தண்டவாளம் மிஸ். எதிர்ப் பக்கத்தால இன்னொரு கோச்சி வந்தா என்ன செய்யிற? அந்தப் பைக்குள்ள ஒரு வட்டத் தகடு இருக்கும். அது டிரைவர்ர கையில இருந்தாத்தான் அவர் அடுத்த ஸ்டேசனுக்குப் போகலாம். ரெண்டு ஸ்டேசனுக்கு இடையில ஒரு நேரத்தில ஒரு தகடுதான் வெளியால வரும். அப்ப ரெண்டு கோச்சி முட்டாது."

"அப்ப எதிரால வாற கோச்சி?"

"இஞ்ச நிண்டு காத்திருக்கும். அதுக்குத்தானே ஸ்டேசன்."

இந்த இடத்தில் ஏன் ஒரு ஸ்டேசன் வந்தது என்பதற்கு அதுவரை எனக்கு இரண்டு கதைகள் கிடைத்திருந்தன. கிணற்றுத் தண்ணீர் நல்லது, பழைய நீராவி எஞ்சினுக்குத் தண்ணீர் பிடிக்க வைத்தார்கள் என்பது ஒன்று. பெரிய நிலக்காரப் போடியார் ஒருவரின் நெல்லை ஏற்ற வைத்தார்கள் என்பது இன்னொன்று. இரண்டும் எனக்குப் பிடித்திருந்தன. இரண்டு ரயில்கள் ஒன்றையொன்று கடந்துபோக ஓர் இடம் வேண்டியிருந்தது, அவ்வளவுதான் என்றபோது முதலில் கொஞ்சம் ஏமாற்றமாகத்தான் இருந்தது. சயிக்கிளில் திரும்பும்போது யோசிக்க யோசிக்க அதுவே மற்ற இரண்டையும்விட நல்ல காரணமாகத் தோன்றியது.

இரண்டாம் நாள் பொதிகள் வைக்கும் அறையில் பழைய புத்தகம் ஒன்று கிடைத்தது. பயணிகளின் முறைப்பாட்டுப் புத்தகம். கரையான் ஓரங்களைத் தின்றிருந்தது. நடுப்பக்கங்கள் முழுதாக இருந்தன. தமிழில், சிங்களத்தில், ஆங்கிலத்தில் கோபப்பட்டிருந்தார்கள். உட்கார இருந்த ஒரே வாங்கில் தயிர்ச்சட்டிகளை அடுக்கிவிட்டார்கள் என்று ஒருவர். மணிக்கூடு பத்து நிமிடம் முந்தி ஓடுகிறது, அதை நம்பி ஓடி வந்து விழுந்தேன் என்று ஓர் ஆசிரியர். சித்தாண்டித் திருவிழாவுக்குப் போகிற சனத்துக்கு ஒரு வாளி குடிதண்ணீராவது வையுங்கள் என்று இன்னொருவர். ஒரு பக்கத்தில் அழகான கையெழுத்தில் ஒருவர் இப்படி எழுதியிருந்தார்: 'என் மனைவி கைக்குழந்தைக்குப் பால் கொடுக்க இடமின்றி நெல் மூடைகளின் பின்னே நின்றாள். இந்த ஸ்டேசனில் நெல்லுக்குக் கொட்டகை உண்டு, பெண்ணுக்கு இல்லை.' கீழே வேறு மையில் 'மேலிடத்துக்கு அனுப்பப்பட்டது' என்று பதில். பக்கங்களைப் புரட்டினேன். அதே மனிதர் மீண்டும் எழுதியிருந்தார். மூன்றாவது தடவையும் எழுதியிருந்தார். அதன் பிறகு அவர் கையெழுத்து இல்லை.

நான் எழுந்துபோய் மேடையின் மறுகோடியைப் பார்த்தேன். பெண்களுக்கான காத்திருப்பு அறை அங்கே இருந்தது. மற்றக் கட்டடம் சுண்ணாம்புக் கல். அது மட்டும் சீமெந்துக் கல். பிறகு சேர்த்துக் கட்டியது என்று யாருக்கும் தெரியும். அந்த அறையை ஸ்டேசன் சனம் யாருக்கும் குடியிருக்கக் கொடுக்கவில்லை. பெண்கள் குளித்து உடை மாற்றவும், சுகமில்லாதவர்கள் படுக்கவும் வைத்திருந்தார்கள். யாரும் சொல்லி அப்படிச் செய்யவில்லை என்றாள் அக்கா.

மூன்றாம் நாள் முழுவதும் புத்தகம் படித்தேன். படிவம் முடிந்துவிட்டதா என்று தலைமை எழுதுநர் கேட்டார். கக்கூஸை இன்னும் பார்க்கவில்லை என்று பொய் சொன்னேன்.

நான்காம் நாள் காலை, பிரதான வீதிப் பக்கம் ஒரு வெடிச் சத்தம் கேட்டது. நான் மணல் ஒழுங்கையால் போனதால் ஸ்டேசனுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டேன். அங்கே எல்லோரும் பெண்கள் அறை வாசலில் நின்றார்கள். மீனவனின் மனைவிக்கு வலி கண்டிருந்தது. நாள் இன்னும் பத்துப் பன்னிரண்டு இருந்தது. முந்தின கிழமைதான் மருத்துவமாது வந்து பார்த்து, பிள்ளை குறுக்கே கிடக்கிறது, இதை வீட்டில் பார்க்க முடியாது, முன்கூட்டியே நகரத்துப் பெரியாஸ்பத்திரிக்குப் போய்ப் படுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

வீதிவரை ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு மீனவன் திரும்பி வந்தான். மூச்சு வாங்கியது.

"ஆமி ரோட்டப் பூட்டிட்டானுகள். பஸ் இல்ல, வான் இல்ல. சயிக்கிளயும் திருப்பி அனுப்புறான்."

"தோணியில போகேலாதா?" என்றேன்.

"வாவியில இறங்கினா சுடுவான் மிஸ்."

உள்ளே அந்தப் பெண் பல்லைக் கடித்துக்கொண்டு முனகும் சத்தம் கேட்டது. என்ன செய்வதென்று தெரியாமல் தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். புல் மூடியிருந்தாலும் இரண்டு கோடுகளும் நேரே தெற்கே போயின. மூன்று நாட்களாகக் கேள்வி கேட்டுப் பழகிய வாய்.

"இதில ஓடுற வேற ஒண்டும் இல்லையா?" என்று லைன் வேலைக்காரரைக் கேட்டேன்.

அவர் கொட்டகைப் பக்கம் திரும்பிப் பார்த்தார். பிறகு, "ட்ரொலி இருக்கு" என்றார்.

கொட்டகைக்குள் சாக்குகளால் மூடி வைத்திருந்தார். நான்கு இரும்புச் சக்கரம், மேலே கட்டில் அளவு பலகை, ஒரு மரத்தடி பிரேக். தண்டவாளம் பார்க்கப் போகும்போது குழுவினர் தள்ளிக்கொண்டு போவது. அதைக் காட்டிவிட்டு அவரே குறுக்கே நின்றார்.

"உத்தரவில்லாம எடுத்தா என்ட வேலை போகும் மிஸ்."

"கோச்சியே இல்லயே அண்ணன்!"

"கோச்சி இல்லாட்டியும் வேலை இருக்கு. ஒரு துண்டு எழுதித் தாங்க. ஆரும் கேட்டா காட்ட."

எனக்கு அப்படி எழுத அதிகாரம் எதுவும் இல்லை. பையில் கந்தோரின் தலைப்பு அச்சிட்ட தாள் ஒன்று இருந்தது. சுகயீனமுற்ற பெண்ணை வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்ல ட்ரொலியைத் தந்துதவவும் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அவசரத்தில் கையெழுத்து வேறு யாருடையதோ போல இருந்தது. அவர் அதை வாசித்து, மடித்து, சட்டைப் பையில் வைத்துக்கொண்டு சக்கரங்களுக்குத் தேங்காயெண்ணெய் கேட்டார். அக்கா எண்ணெயைப் போத்தலோடு கொண்டுவந்து ஊற்றினாள்.

பாய் விரித்து அவளைப் படுக்க வைத்தோம். அக்கா தலைமாட்டில் குடையோடு உட்கார்ந்தாள். மீனவன் ஒரு தண்டவாளத்திலும் லைன் வேலைக்கார அண்ணன் மற்றதிலும் காலை வைத்துத் தள்ள, நான் ஒரு தடியில் வெள்ளைத் தலையணை உறையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தேன். சக்கரம் முதலில் கிறீச்சிட்டது. பிறகு ஓடத் தொடங்கியது.

சின்னப் பாலம் ஒன்றில் ஆமிச் சென்றி இருந்தது. மண்மூடைகளுக்குப் பின்னாலிருந்து நிற்கச் சொல்லிக் கத்தினார்கள். நின்றோம். என் அரைகுறைச் சிங்களத்தில் விஷயத்தைச் சொன்னேன். கடிதத்தைக் கேட்டார்கள், கொடுத்தோம். ஒருவன் அதை எடுத்துக்கொண்டு உள்ளே போனான். வெயிலில் நெடுநேரம் நின்றோம். அக்கா குடையை அவள் முகத்துக்கு மேல் சாய்த்துப் பிடித்துக்கொண்டே இருந்தாள்.

கடைசியில் இளம் அதிகாரி ஒருவர் வந்தார். படுத்திருந்தவளை ஒருமுறை பார்த்தார். பிறகு ட்ரொலியை இரண்டு முறை சுற்றி வந்தார். இதற்கு எஞ்சின் எங்கே என்று கேட்டார். இல்லை என்றேன். எவ்வளவு பாரம் தாங்கும் என்று கேட்டார். அண்ணன் சொன்னதை மொழிபெயர்த்தேன். முன்னால் கொஞ்சத் தூரம் தண்டவாளம் கழற்றப்பட்டிருக்கிறது, தெரியுமா என்று கேட்டார். தெரியாது.

"தூக்கிக்கொண்டு போவம்" என்றார் அண்ணன்.

அதிகாரி கடிதத்தைத் தானே வைத்துக்கொண்டார். அடுத்த சென்றிக்குக் கம்பியில்லாக் கருவியில் ஏதோ சொன்னார். ஒரு சிப்பாயை எங்களோடு அனுப்பி, சாயந்தரத்துக்கு முன் இதே வழியால் திரும்பிவிட வேண்டும் என்றார்.

அவர் சொன்னபடியே ஓரிடத்தில் இரண்டு பக்கத் தண்டவாளமும் இல்லை. சிலிப்பர் கட்டைகள் கிடந்த இடத்தில் குழிகள் மட்டும். பதுங்குகுழிக்கு எடுத்துப் போயிருந்தார்கள். மீனவனும் அக்காவும் பாயோடு அவளைத் தூக்கினார்கள். அண்ணனும் நானும் ட்ரொலியைத் தூக்கப் பார்த்தோம். என் பக்கம் எழும்பவில்லை. கூட வந்த சிப்பாய் சிறிது நேரம் பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு துவக்கை முதுகுக்குத் தள்ளிவிட்டு என் பக்கத்துக்கு வந்து பிடித்தான். அந்தப் பக்கம் வைத்ததும் பாலத்துக்குத் திரும்பிப் போய்விட்டான்.

அதன் பிறகு வலி அடுத்தடுத்து வந்தது. "இன்னும் எவ்வளவு தூரம்?" என்று அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். ஒவ்வொரு தடவையும் "இந்தா, வந்திட்டு" என்றான் அவள் புருஷன். ஓரிடத்தில் மாடுகள் தண்டவாளத்துக்கு நடுவே படுத்திருந்தன. அண்ணன் பிரேக்கைப் பிடித்தும் ட்ரொலி வழுக்கிக்கொண்டே போனது. நான் தலையணை உறையை வீசிக்கொண்டு கத்தியபடி ஓடினேன். மாடுகள் எழும்பின, ஒன்றைத் தவிர. அதன் வாலுக்கு ஒரு சாண் முன்னால் ட்ரொலி நின்றது.

நகரத்தின் முதல் ரயில் கடவையில் பேக்கரியிலிருந்து பாண் கொண்டுபோகும் வான் ஒன்று நின்றது. சாரதியிடம் சொல்லி முடிப்பதற்குள் அவர் தட்டுகளை இறக்கத் தொடங்கிவிட்டார். அவளும் புருஷனும் அக்காவும் ஏறினார்கள். எனக்கும் அண்ணனுக்கும் இடமில்லை. வான் போன பிறகு, வீதியோரத்தில் பாண் தட்டுகளுக்குக் காவலாக நாங்கள் இருவரும் உட்கார்ந்திருந்தோம். ஒரு மணித்தியாலத்துக்குப் பிறகு சாரதி திரும்பி வந்து, உள்ளே கொண்டுபோய்விட்டார்கள் என்று மட்டும் சொன்னார். எங்களுக்கு ஆளுக்கொரு பாண் தந்தார்.

வெறும் ட்ரொலியோடு திரும்பினோம். சிறிது தூரம் போனதும் அண்ணன், "ஏறுங்க மிஸ்" என்றார். தயங்கிக்கொண்டு ஏறினேன். அவர் தள்ளி ஓடிவந்து தானும் தாவி ஏறினார். கீழே சக்கரம் தடக் தடக்கென்றது. ஆஸ்பத்திரியில் ஒருத்தி உயிருக்குப் போராடிக்கொண்டிருக்கும்போது எனக்கு எப்படி அது வந்தது என்று தெரியவில்லை. ஆனால் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. வீதியிலிருந்து வீடுகளின் முகத்தைத்தான் பார்த்திருக்கிறேன். தண்டவாளத்திலிருந்து அவற்றின் முதுகு தெரிந்தது. கொடியில் காயும் துணி, குசினிப் புகை, பீங்கான் கழுவும் பெண்கள். கூரையில்லாத வீடுகளும் இருந்தன. பின்பக்கத்திலிருந்து பார்த்தால் அவற்றின் ஊடாக வாவி தெரிந்தது. ஓரத்துக் கற்களில் எழுதியிருந்த எண்கள் என்ன என்று கேட்டேன். அன்று முதல் தடவையாக அண்ணன் கேட்காமலே பல விஷயம் சொன்னார். எங்கே மேடு, எங்கே பள்ளம் என்று காட்டும் பலகைகள். மழைக்கு மண் அரிக்கும் இடங்கள். எந்த வளைவில் டிரைவர் ஊத வேண்டும் என்பது. கழற்றிய இடத்தில் இந்த முறை நான் என் பக்கத்தைத் தூக்கிவிட்டேன்.

மறுநாள் செய்தி வந்தது. வயிற்றை வெட்டித்தான் எடுத்தார்கள். பெண் பிள்ளை. தாயும் பிள்ளையும் சுகம்.

அதற்கடுத்த நாள் தலைமை எழுதுநர் என்னைக் கூப்பிட்டார். மேசையில் என் கடிதம் கிடந்தது. சரிபார்க்கும்படி ஆமி முகாமிலிருந்து அனுப்பியிருந்தார்கள்.

"இது ஆர்ர கையெழுத்து?"

"என்ட, சேர்."

"உனக்கு இப்படி எழுத ஆர் அதிகாரம் தந்த?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு அந்தக் கடிதத்தின் கீழே 'எனது அறிவுறுத்தலின்படி' என்று எழுதித் தன் கையெழுத்தைப் போட்டு முகாமுக்குத் திருப்பி அனுப்பினார். ஒரு கிழமை என்னோடு பேசவில்லை.

பத்து நாள் கழித்து ஆமி வந்து ட்ரொலியைக் கொண்டுபோனது. மண்மூடை ஏற்ற வசதியாக இருக்கும் என்றார்களாம். அண்ணன் அவர்களிடமும் ஒரு துண்டு எழுதித் தரச் சொல்லிக் கேட்டிருக்கிறார். சிரித்திருக்கிறார்கள். ஆனால் அந்த இளம் அதிகாரி எழுதிக் கொடுத்ததை அண்ணன் எனக்குக் காட்டினார். படிவத்தின் 'வசதிகள்' கட்டத்தில் நான் எழுதியிருந்த 'ட்ரொலி ஒன்று' என்பதை அன்று வெட்டினேன்.

மீனவனின் மனைவி பிள்ளையோடு ஸ்டேசனுக்கு வந்தபோது வீதி திறந்திருந்தது. பஸ்ஸில்தான் வந்தாள். பெண்கள் அறையில் படுக்கவைத்திருந்தார்கள். நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். பிள்ளை நித்திரை.

"மிஸ், ஒண்டு கேக்கணும்" என்றாள். "அண்டைக்கு நான் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு கிடந்தன். ஒண்டும் காணல்ல. மச்சாளிட்டக் கேட்டா அழுறா. இவரிட்டக் கேட்டா வாய் திறக்கிறல்ல. கோச்சி போற பாதையில என்னென்ன கிடந்த? சொல்லுங்க."

"நீங்க கோச்சியில போனதில்லயா?"

"நான் படுவான்கரையாள். எங்கட பக்கம் கோச்சி எங்க?"

பாலத்தில் தொடங்கினேன். ஓடைத் தண்ணீரின் நிறத்தைக் கேட்டாள். மாடுகளைச் சொன்னபோது வெள்ளையா சிவப்பா என்று கேட்டாள். எழும்பாத மாட்டைப் பற்றிச் சொன்னதும் தையல் நோகிறது என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். வீடுகளின் முதுகைச் சொன்னேன், வாவி தெரிந்ததைச் சொன்னேன். அவள் விடவில்லை.

"மறுகா? அதுக்குப் பிறகு?" என்றாள்.